மளிகைக் கடைக்கு எதற்கு மணல் வாளி

சீனி, ரவை, உளுந்து என்று எதைக் கொடுத்தாலும் நிறுத்துப் பாக்கெட் போடுவதில் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் சொல்வார்கள் என்று ரொம்ப நாள் காத்திருந்து பார்த்தேன், யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் வாய் மடித்து சீல் போட்ட பாக்கெட்டின் நான்கு மூலையும் நிமிர்ந்து நிற்கும். ரேக்கில் அடுக்கினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். முன்னால் இருப்பதை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் விட்டு உருவுவார்கள். பின்னால் இருப்பதுதான் புதுச் சரக்கு என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

கடை சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில், பட்டாசுக் கம்பெனி வேன்கள் நின்று போகிற ஒரு முக்கில் இருக்கிறது. போர்டில் சூப்பர் மார்க்கெட் என்று எழுதியிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அண்ணாச்சி கடைதான். கூடையை எடுத்துக்கொண்டு நாமே உள்ளே போய் வேண்டியதை எடுக்கலாம். நான்கு வரிசை ரேக், வாசலுக்குப் பக்கத்தில் பில் கவுண்டர், பின்பக்கம் நான் பாக்கெட் போடுகிற இடம். பில் போடுகிறவள் ஒரு டீச்சரம்மாவின் மகள். கல்லூரி முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை இருக்கிறேன் என்று வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மத்தியானம்தான் வருவாள். மற்றபடி நல்ல பிள்ளை. நான் சொல்வதில் பாதியைக் கேட்பாள். அண்ணாச்சி எதையுமே கேட்காததால் அந்தப் பாதி எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணாச்சிக்கு என்னைவிட வயது குறைவு. இருந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் எங்கள் ஊரில் அண்ணாச்சிதான். கடைக்கு முதல் போட்டது அவருடைய அண்ணன். அவர் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கிறார். இந்தக் கடையில் ஒரு பல்பு மாற்றினாலும் அவருக்குப் போன் போகும். என்னைத் தீபாவளி நெருக்கத்தில் சீசன் ஆளாகத்தான் சேர்த்தார்கள். பொங்கலுக்கு முன்னால் பெரிய அண்ணாச்சி வந்து கடையைப் பார்ப்பார், அவர் இருக்கட்டும் என்றால் இருக்கலாம், வேண்டாம் என்றால் அன்றோடு சரி. இதுதான் பேச்சு. வேண்டாம் என்றால் நான் மறுபடியும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். கல்யாணம் ஆன புதிதிலிருந்து அங்கேதான் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தேன். என் இடம் அங்கே காலியாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை ஞாபகப்படுத்துவார்.

"கம்பெனியில இருந்து கேட்டு விட்டிருக்காக. நீ என்னன்னா ரவையப் போட்டு அளந்துக்கிட்டு இருக்க. அதுல என்ன பெருமை உனக்கு?"

பெருமை இருந்தது. கம்பெனியில் நான் அடைத்த புஸ்வாணம் எந்த ஊரில் யார் வாசலில் பூத்தது என்று எனக்குத் தெரியாது. இங்கே நான் போட்ட உளுந்து எந்த வீட்டில் இட்லியானது என்று தெரியும். இட்லி கல்லு மாதிரி இருந்தால் மறுநாள் காலையிலேயே வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் ஒரு வரியில் சொல்கிறேன். ஒரு வரிக்கு மேல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஆளைக் கம்பெனியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம், கம்பெனியை ஆளிடமிருந்து வெளியே கொண்டுவருவது கஷ்டம். அங்கே மருந்து ரூமுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற கரண்டு அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்பார்கள். தொடாமல் போனால் போர்மேன் கத்துகிற கத்தில் கரண்டு தானாகவே இறங்கிவிடும். கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் செருப்பை வெளியே விட்டேன், கை தானாக எதையோ தேடியது. வாசலில் தகரக் கொட்டகையைத் தாங்கி ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு தினமும் அதுதான்.

சாயங்காலம் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கம்பெனி ஆட்கள். வேனிலிருந்து இறங்கி, கையில் வெள்ளி வெள்ளியாக மின்னுகிற பவுடரோடு வருவார்கள். நான் குழாயைத் தொடுவதைப் பார்த்ததும் அவர்களுக்கும் கை போய்விட்டது. ஒருவர் பின்னால் ஒருவராகத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கம்பெனிக்கே போகாத ஒரு சிலரும் கடைக்கு வருவார்களே, அவர்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தார்களோ, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் குழாய்க்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அடுத்த வாரம் ஒரு முழம் மல்லிகை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"யக்கா, இது என்ன சாமி?"

"சாமியெல்லாம் இல்ல அண்ணாச்சி. குழாய்."

"அது எனக்குத் தெரியாதா? நாந்தான அத வாங்கிப் போட்டேன். இப்ப அதுக்கு யாரு பூ கட்டுறது?"

எனக்கும் தெரியாது என்றேன். பூ மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

மணல் வாளி விஷயத்தில் என் பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டது. கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் இருக்கும். இது இல்லாத இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால் எனக்குக் கை ஓடாது. பருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு வாளியில் மணலை நிரப்பி வைத்தேன். அண்ணாச்சி, மளிகைக் கடைக்கு எதற்கு மணல் வாளி என்று கேட்டார். எண்ணெய் இருக்கிறது, சூடம் இருக்கிறது, தீப்பெட்டி பண்டல் பண்டலாக இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் வாளியை விட்டுவிட்டுக் கல்லாவுக்குப் போனார். ஆனால் கடைப் பூனை அந்த வாளியைத் தனக்காக வைத்தது என்று முடிவு செய்துவிட்டது. பெருங்காயம் பக்கத்தில் இருந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு நான் மணலை மாற்றினேன். பூனை புது மணலுக்கு நன்றி சொல்லிவிட்டு அன்றே உபயோகித்தது. கடைசியில் வாளிக்கு ஒரு மூடி வாங்கிப் போட்டோம்.

ரவைப் பாக்கெட்டில் வேறு சண்டை. பாக்கெட்டை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் ரவை இறங்கும், பாக்கெட் அடக்கமாக இருக்கும் என்பார் அண்ணாச்சி. நான் தட்ட மாட்டேன். எதையும் தட்டாதே, தேய்க்காதே, இழுக்காதே, பைய வை. இதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதனால் என் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்து, விருந்துக்குப் போய்வந்த ஆள் மாதிரி இருக்கும். எடை சரியாக இருக்கிறது, பார்க்கவும் பெரிதாக இருக்கிறது, இதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். ரேக்கில் இடம் போகிறது என்றார். மூட்டையை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும் என்று லோடு இறக்க வந்தவர்களிடமும் சொன்னேன். அரிசி மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி இறக்கி வைத்துவிட்டுப் போனவர்கள், அடுத்த லோடுக்கு வேறு ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, ஒரு வரிசைக்கு நான்கு பேர் என்ற சட்டம். மருந்து ரூமில் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. கடையில் ரேக்குக்கு நடுவில் ஐந்தாவது ஆள் நுழைந்தால் எனக்கு முதுகில் ஏதோ ஊரும். "நாலு பேருக்கு மேல உள்ள நிக்கக் கூடாது, செத்த வெளிய நில்லுங்க" என்று சொல்லிவிடுவேன். வேறு ஊராக இருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். எங்கள் பெண்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே போய் வரிசையாக நின்றார்கள். ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போனார்கள். போகும்போது குழாயைத் தொட்டார்கள். அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசி மழையில் இடி இடித்தபோது மட்டும் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இடி கேட்டால் கம்பெனியில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஊரில் எல்லாரும் மழைக்கு ஒதுங்கக் கடைக்குள் ஓடிவருகிறார்கள், நான் பாதி அளந்த சீனியை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். என்னைப் பார்த்து, ஒதுங்கியவர்களில் பாதிப் பேர் வெளியே வந்து என்னோடு நனைந்தார்கள்.

"யக்கா, சீனி வெடிக்காதுக்கா" என்றார் அண்ணாச்சி, குடையைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும் அண்ணாச்சி. காலுக்குத் தெரியல" என்றேன்.

இப்படியே மார்கழி வந்தது. பெரிய அண்ணாச்சி சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார் என்று போன் வந்தது. சனிக்கிழமை சம்பள நாள். கடை நிரம்பி வழியும் நேரம் பார்த்து வருகிறார். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டும்போது அண்ணாச்சி என்னிடம் ரொம்பப் பணிவாகப் பேசினார்.

"யக்கா, உங்க வேலையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. கையி சுத்தம், பாக்கெட்டு சுத்தம். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சாதாரண மனுசி மாதிரி இருந்துக்கோங்க. அந்த வாளியப் பின்னால வச்சிருங்க. யாரையும் வெளிய நிப்பாட்ட வேண்டாம். அண்ணன் போனப்புறம் நீங்க உங்க கம்பெனிய நடத்துங்க."

சரி என்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அன்று ராத்திரி வீட்டுக்காரர் வழக்கம்போலக் கம்பெனிப் பேச்சை எடுத்தபோது, சோற்றை அவர் தட்டில் கொஞ்சம் ஓங்கித் தட்டி வைத்தேன். அதுதான் நான் வாழ்க்கையில் எதையாவது தட்டி வைத்த முதல் தடவை.

சனிக்கிழமை விடிந்ததும் போய்விட்டேன். மணல் வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன், எல்லா ரேக்கையும் துடைத்தேன். மிளகாய் வத்தலைக் காம்பு ஒரு பக்கமாக வருகிற மாதிரி அடுக்கினேன், வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர்க்காரர் முதலில் வத்தலைத்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சிப்ஸ் லோடு வந்தது. சின்னப் பாக்கெட்டுகளை வாசலில் தொங்கவிட வேண்டும். அண்ணாச்சி சணலில் ஏனோதானோ என்று கோத்து விடுவார். நான் சரவெடி பின்னுகிற மாதிரி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பின்னித் தொங்கவிட்டேன். அப்படி ஓர் அழகு. போகிற பைக்கெல்லாம் நின்று பார்த்தது. மிச்சம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. வழியில் எதையும் வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் அதைப் பின்பக்கம் சுவரோரமாக, பெரிய அண்ணாச்சிக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் சேருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் வந்தபோது வேன்கள் வந்து, கடை நிறைந்துவிட்டது. நான் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் பெண்களுக்குப் பழகிவிட்டது. நான் வாயைத் திறக்காமலேயே ஒரு வரிசைக்கு நான்கு பேராக உள்ளே நின்றார்கள், மற்றவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். பெரிய அண்ணாச்சி காரிலிருந்து இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி சட்டை. வரிசையைப் பார்த்தார்.

"ஏலே, இம்புட்டுக் கூட்டமா?" என்றார் தம்பியிடம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வத்தலைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே. சனிக்கிழமை இப்படித்தான்" என்றார்.

ஒவ்வொருவராகக் குழாயைத் தொட்டு உள்ளே போவதைப் பெரிய அண்ணாச்சி கொஞ்ச நேரம் கவனித்தார். சந்தனத்தையும் பூவையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருக்கணும்" என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்தார். பில் போடுகிற பிள்ளை சிரிப்பை அடக்கத் தலையைக் கம்ப்யூட்டருக்குள் விட்டுக்கொண்டாள்.

அவர் ரேக் ரேக்காகப் பார்த்தார். என் உளுந்துப் பாக்கெட்டை எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். வத்தலை முகர்ந்தார், ஒன்றை ஒடித்தார், காம்புகளைப் பார்த்தார். "இது யாரு அடுக்குனது?" என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் காலையிலிருந்து பட்டினி கிடந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டுக்காரர் இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"உக்காருங்கண்ணே" என்று அண்ணாச்சி சேரைக் காட்டினார்.

"பிளாஸ்டிக் சேர நான் நம்புறதில்லலே. போன மாசம் ஒண்ணு கால விரிச்சிருச்சு" என்றபடி அவர் பக்கத்தில் இருந்த பெட்டியைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

சிப்ஸ் பாக்கெட்டுக்குள் சிப்ஸ் கொஞ்சம், காற்று நிறைய. ஒரு பெட்டிப் பாக்கெட்டுகள்மேல் ஒரு பருப்பு மண்டிக்காரர் உட்கார்ந்தால் என்ன சத்தம் வரும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. முதலில் ஒன்று. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு பட் பட் பட் பட் என்று வரிசையாக, கடைசியில் நான்கைந்து சேர்ந்து ஒரே சத்தமாக. கண்ணை மூடிக் கேட்டால் சரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் கண் திறந்திருந்தும் தெரியவில்லை.

"வெளிய வாங்க. எல்லாரும் வெளிய" என்று நான் கத்தியது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஆட்களைப் போல வெளியேற உலகத்தில் யாராலும் முடியாது. ஒருவரை ஒருவர் தள்ளவில்லை, அலறவில்லை. கையில் இருந்த கூடையை வழியில் போடாமல் ரேக்குக்கு அடியில் தள்ளிவிட்டு, முன்வாசலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் முன்வாசல் வழியாகவும் பின்னால் நின்றவர்கள் பின்வாசல் வழியாகவும் ஓடினார்கள். அண்ணாச்சிதான் எல்லாருக்கும் முன்னால் ரோட்டைத் தாண்டினார். மருந்தைக் கண்ணால் பார்த்திராத மனிதர். பெரிய அண்ணாச்சி மட்டும் அமுங்கிய பெட்டிக்குள் பாதி இறங்கிப்போய், எழ முடியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கினார்கள். அவர்கள் தினமும் பண்டல் தூக்குகிறவர்கள்.

"ஏத்தா, விடுங்கத்தா. என் செருப்பு" என்றார் அவர்.

"செருப்பு கெடக்கட்டும் மாமா. உசுரப் பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

எதிரே பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் கூடினோம். நான் தலையை எண்ண ஆரம்பித்தேன். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அதற்குத்தான் வரிசைக்கு நான்கு பேர். ஒரு தடவை எண்ணினேன், மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது.

பில் போடுகிற பிள்ளை இல்லை.

கம்பெனியில் ஒரு நாள் இதே மாதிரி எண்ணியபோது ஒன்று குறைந்தது, தேடிப் போக எங்களை விடவில்லை. நான் சொல்கிறேன் என்ற அந்த ஒரு வரி இதுதான்.

இந்தத் தடவை யார் விட்டார்கள், யார் விடவில்லை என்று நான் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டி ஓடினேன். பின்னால் யாரோ "மதினி, வேண்டாம்" என்று கூப்பிட்டார்கள். வாசலில் கை தானாகக் குழாயைத் தொட்டது. அந்த நேரத்திலும் தொட்டேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

உள்ளே ஒரே அமைதி. ஃப்ரிட்ஜ் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை கவுண்டரில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், ஒரு மஞ்சள்தூள் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி.

"யக்கா, இந்த மஞ்சத்தூளு யாருது? பாதி பில்லுல எந்திரிச்சு ஓடிட்டாக. எல்லாரும் எங்க போறீக?"

டீச்சர் வீட்டுப் பிள்ளை. சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். அப்போதுதான் பின்பக்கம் கண் போனது. நசுங்கிய பெட்டி, அதிலிருந்து எட்டிப் பார்க்கிற மினுமினுப் பாக்கெட்டுகள். புகை இல்லை. கந்தக நெடி இல்லை. மசாலா வாசனை வந்தது, தக்காளி மசாலா. கவுண்டருக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் என் தலையில் தண்ணீர் தெளித்தாள். தண்ணீரை அவள் எடுத்தது விற்பனைக்கு வைத்திருந்த பாட்டிலிலிருந்து. அதற்கும் பிறகு பில் போட்டாள்.

ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். எல்லாத் தலையும் இருந்தது. "சரியா இருக்கு" என்றேன். அவ்வளவு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பெரிய அண்ணாச்சி பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்திருந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு மசாலா. வெறுங்கால்.

"என்னத்தா வெடிச்சது?" என்றார்.

அவரை இழுத்துவந்த பெண்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க உக்காந்ததுதான் மாமா வெடிச்சது. சிப்ஸு."

அவர் கையைப் பின்னால் விட்டு வேட்டியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. தம்பியைப் பார்த்தார்.

"கத்துனது யாரு?"

அண்ணாச்சி என்னைக் காட்டினார். கொஞ்ச நேரத்துக்கு முன் வத்தலுக்காகக் காட்டிய அதே விரல். முடிந்தது கதை என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேனில் எந்த சீட்டில் உட்காருவது என்றுகூட யோசித்துவிட்டேன். சரி, போகிறதுதான் போகிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

"நாந்தான் கத்துனேன். இன்னொரு தடவ கேட்டாலும் கத்துவேன். அது என்ன சத்தம்னு நின்னு பாத்துட்டு ஓடுற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. அந்தக் குழாயும் சாமி இல்ல பெரிய அண்ணாச்சி. உடம்புல உள்ள கரண்டு எறங்கத் தொடுறோம். தீப்புடிச்சா அணைக்க ஒரு மணல் வாளியும் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன். கூட்டம்னு நீங்க பாத்ததும் கூட்டமில்ல, நாலு பேருக்கு மேல நான் உள்ள விடுறதில்ல. உளுந்தும் வத்தலும் மட்டும் நெசம்."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பெரிய அண்ணாச்சி எதிரே கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. கல்லா திறந்து கிடந்தது. சரம் சரமாகச் சிப்ஸ் காற்றில் ஆடியது. ஒரு ஆள் இல்லை. ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டிப்போய், குழாய்க்கு முன்னால் மறுபடி வரிசையில் நின்றார்கள். யார் யாருக்குப் பின்னால் நின்றார்களோ அதே இடத்தில் நின்றார்கள்.

"எங்க மண்டியில கரண்டு போனா, திரும்ப வாறதுக்குள்ள ஒரு மூட்ட பருப்பக் காணோம்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பில்லுக்காரப் பிள்ளையக் கூப்பிடவா திரும்ப உள்ள போன?"

"ஆமா."

"வெடின்னு நெனச்சுக்கிட்டா போன?"

"ஆமா."

அவர் தம்பியிடம் சொன்னார்: "இந்தத் தாயி இருக்கட்டும்லே. சீசன் கீசன்னு பேசாத. அந்த வாளியையும் எடுத்து முன்னால வையி. ஆனா சேருக்குப் பக்கத்துல எவனும் பெட்டி வைக்கக் கூடாது." எழுந்து ரோட்டைத் தாண்டிப் போனார். செருப்பைத் தேடிப் போட்டார். காருக்குப் போகிற வழியில் நின்று, திரும்பிவந்து, குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கரண்டுக்குத்தான்னு சொன்னனே பெரிய அண்ணாச்சி" என்றேன்.

"தெரியுது. இருந்தாலும் இருக்கட்டும்" என்றார்.

கிழிந்த பாக்கெட்டை விற்க முடியாது. அண்ணாச்சி பெட்டியோடு தூக்கிவந்து வாசலில் வைத்து, எல்லாரும் எடுத்துக்கோங்க என்றார். வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வெடித்துப் பார்த்தாயிற்று. வெடித்ததைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்று, ஆள் குறையாமல், சிரித்துக்கொண்டே தின்றது அன்றைக்குத்தான். பில் போடுகிற பிள்ளை எனக்கு ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நொறுங்கித் தூளாகியிருந்தது. உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டேன். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.